நூற்றில் ஏழு பேர்

மே 19, ஞாயிறு

அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேற்றைய கல்யாணத்தில் பன்றித் தலையின் மேல்தாடை யாருக்குச் சேரும் என்று பெண் வீட்டாரோடு தொடங்கிய வாக்குவாதம் பிற்பகல்வரை ஓடியதாம். கடைசியில் இரண்டு வரிப் பழம்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டு எதிர்த்தரப்பையே சிரிக்க வைத்தாராம். இன்று சர்ச்சில் பாட வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. அதிலும் ஒரு பெருமை.

"எழுபத்தாறு வயசுல இப்படிக் கத்தணுமாப்பா?" என்றேன்.

"கத்தத்தானே என்னைக் கூப்பிடறாங்க. அழகுக்கா கூப்பிடறாங்க?"

எங்கள் மக்களிடம் இறைச்சியில் பங்கு இருப்பதுபோலப் பேச்சிலும் பங்கு உண்டு. விருந்தில் யாருக்கு எந்தத் துண்டு என்பது எப்படிப் பிறப்பிலேயே தீர்ந்துவிட்டதோ, யார் எப்போது வாய் திறக்கலாம் என்பதும் அப்படித்தான். எங்கள் ஊரான சியந்தாரில் எங்கள் குலத்துக்காக நாற்பது வருடமாய் வாய் திறப்பவர் அப்பா. பள்ளிக்கூட வேலை அவருக்கு ஓய்வு கொடுத்தது. இது கொடுக்கவில்லை. அம்மா போன பிறகு அவரைப் படுக்கையிலிருந்து எழுப்புவதே அடுத்த சனிக்கிழமைக் கல்யாணம்தான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சபையில் எனக்கு இடம் இல்லை. நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, கல்லூரியில் பயிர் நோய் பற்றிப் பாடம் நடத்துகிறேன். விருந்து வீட்டில் இஞ்சி நசுக்கலாம். நசுக்குகிறேன்.

மே 27, திங்கள்

அப்பா ஏறிப்போன பெச்சா ரிக்‌ஷா கவிழ்ந்துவிட்டது. கல்லூரியில் இருந்தபோது தகவல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா மருத்துவமனை வாசலில் விலாவைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்காரனின் மூன்று தலைமுறையை வரிசைப்படி திட்டிக்கொண்டிருக்கிறார். வண்டிக்காரன் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாதி ரசிக்கிறான் என்று நினைக்கிறேன்.

வயிற்றுக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு நாளை.

மே 28

கசிவு இல்லை. எலும்பு முறியவில்லை. அதோடு நின்றிருக்கலாம்.

"ஆனா," என்றார் பயிற்சி மருத்துவர். அவருக்கு என் மாணவர்களின் வயதுதான். "இடது சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கும், அட்ரீனல்னு. அதுல ஒரு கட்டி. ரெண்டு சென்டிமீட்டர்."

"அதையும் அந்த வண்டிக்காரன்தான் வச்சானா?" என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். மருத்துவர் தன் செருப்பைப் பார்த்தார். "மேடான் போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்க" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

மே 30

இரண்டு நாளாக மருத்துவக் கட்டுரைகளைப் படித்தேன்.

வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாக அகப்படும் அட்ரீனல் கட்டி. மருத்துவத்தில் அதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு அகப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்றுதானே பொருள்? வயிற்றை ஸ்கேன் எடுத்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம். இளவயதில் அபூர்வம். வயது ஏற ஏற அதுவும் ஏறுகிறது. எழுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு, சில ஆய்வுகளில் பத்து வரை. ஸ்கேன் வருவதற்கு முன்பே, வேறு காரணத்தால் இறந்தவர்களை அறுத்துப் பார்த்த பழைய கணக்குகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. சுமந்தவருக்கே தெரியாமல் சுமந்து, வேறு எதிலோ செத்திருக்கிறார்கள்.

பெரும்பாலானவை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவை. சில ஹார்மோனை அதிகம் சுரக்கும், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். புற்று என்பது மிகச் சில, அதுவும் பெரும்பாலும் பெரிய கட்டிகளில். அப்பாவினுடையது இரண்டு சென்டிமீட்டர். விபத்துக்காக மருந்து ஏற்றி எடுத்த படம் என்பதால் அதன் அடர்த்தியை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். மருந்து ஏற்றாமல் இன்னொன்று எடுக்க வேண்டும். ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேடானில் சுரப்பி மருத்துவரிடம் கிடைத்த முதல் நாள் ஜூலை 18.

சர்ச்சில் முன்வரிசைக் கிழவர்கள் எல்லோரையும் ஸ்கேனுக்குள் தள்ளினால் ஒன்றிரண்டு பேரிடமாவது இருக்கும். அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 2

ஜாகர்த்தாவிலிருந்து ஜாஹான் அண்ணன் போனில்.

"கட்டின்னா கட்டிதான் ரொண்டாங். அதுல நல்ல கட்டி, கெட்ட கட்டின்னு இருக்கா?"

"இருக்குண்ணா. இதுல நல்லதுதான் அதிகம். எழுபது வயசுக்கு மேல நூத்துக்கு ஏழு பேருக்கு இது இருக்கு."

பிறகு அவன் டெலிமா அண்ணியிடம் திரும்பிச் சொல்வது கேட்டது: "நூத்துல ஏழு பேருக்குத்தான் வருமாம். அந்த ஏழுல அப்பா மாட்டிக்கிட்டாரு."

"நான் சொன்னது அது இல்லை—"

"நீ அழாதே. தைரியமா இரு. நான் இருக்கேன்."

நான் அழவில்லை. இதே எண்ணை ஒரு நெல் வயலைப் பற்றிச் சொன்னால் அவனுக்கே புரிந்திருக்கும். நூற்றில் ஏழு செடியில் புள்ளி இருந்தால் யாரும் வயலைக் கொளுத்துவதில்லை.

ஜூன் 3

சந்தையில் மீன்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். அண்ணன் யாருக்கெல்லாம் போன் செய்தான்?

ஜூன் 9, ஞாயிறு

பிஸ்டோக் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பெண் கொடுத்த வீட்டுக்காரர் என்பதால் அவர் முன்னால் அப்பா குரலை உயர்த்தமாட்டார். அப்பா குரலை உயர்த்தாத ஒரே ஆள் இவர்தான்.

காபியில் வாய் வைக்குமுன்பே ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், எத்தனை பேருக்கு நீ நின்னு ஊட்டு விருந்து நடத்தி வச்சிருக்கே! உனக்கு நடக்க வேண்டாமா?"

அப்பா கோப்பையின் கைப்பிடியைத் திருப்பி வைத்தார்.

"மெல்லப் பல்லு இருக்கும்போதே நடக்கணும். எங்க பெரியப்பாவுக்கு நடந்துச்சே ஒண்ணு, மூக்குல குழாயோட. மீனை உதட்டுல தடவிட்டுக் கையைக் கழுவினாங்க. அதெல்லாம் ஒரு விருந்தா?"

"அன்னிக்கு நான்தான் பேசினேன்," என்றார் அப்பா மெதுவாக.

"அதான் சொல்றேன். ஜாஹான் அழறான். போன்லயே அழறான். பேரப் பசங்களுக்கு இப்ப லீவு."

ஊட்டு விருந்து எத்தனையோ பார்த்திருக்கிறேன். தகப்பன் தளர்ந்துவிட்டால் பிள்ளைகள் கூடி, சொந்தக் கையால் சோறும் கெண்டை மீனும் ஊட்டிவிட வேண்டும். பெற்ற கடனுக்கு நன்றி. வாங்கியவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் சபைக் கடமைகளிலிருந்து விடுபட்டவர். இறைச்சிப் பங்கும் பேச்சுப் பங்கும் மூத்த மகனுக்குப் போய்விடும். வழக்கமாக அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஊட்டிய சில மாதங்களில் ஆள் போய்விடுவார்.

போகாதவரைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

ஜூன் 15, சனி

எங்கள் கூடத்தில் விருந்துக்கான ஆலோசனை. பாயில் ஆண்கள். ஜாஹான் அண்ணன் சர்க்கரை டின்னில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தான். நான் காபித் தட்டோடு நுழைந்தபோது எத்தனை கிலோ பன்றி என்பதில் இருந்தார்கள்.

தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"மேடான் டாக்டரைப் பாத்த பிறகு வச்சுக்கலாமே. ஜூலை பதினெட்டு. அதிக நாள் இல்லை."

ஒருவர் இருமினார். மாமா தலையைத் தூக்கி, "டாக்டர் நல்லதாச் சொல்லிட்டா?" என்றார்.

"அப்ப விருந்தே வேண்டாமே."

மாமா சபையைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா! அப்பனுக்கு ஒரு வாய் சோறு ஊட்ட வேண்டாமாம். படிச்ச பொண்ணு!"

"ரொண்டாங்," என்றது சர்க்கரை டின். "டாக்டர் மோசமாச் சொல்லிட்டா? அதுக்கப்புறம் அப்பா எப்படிச் சிரிச்சு உக்காருவாரு? எப்படி முழுங்குவாரு? இப்பவே சந்தோஷமா நடந்துடட்டும்."

அவன் கேட்டதில் பொய் இல்லை, அன்பு இல்லாமலும் இல்லை. கணக்கு மட்டும்தான் இல்லை. அப்பா பாயின் நடுவில் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாயில் நாற்பது வருடமாகக் கடைசி வார்த்தை அவருடையது.

"காபி ஆறுது," என்றார். அது எனக்கா சபைக்கா தெரியவில்லை. நான் வெளியே வந்தேன்.

ஜூன் 22

அப்பா முன்னறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். விருந்தில் பேசப் போவதை ஒத்திகை பார்க்கிறார். கடைசிப் பேச்சு இல்லையா.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் இல்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா."

"அப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க."

"மகன் ஊட்ட வர்றான். வாயை இறுக்கி மூடிக்கறதா? ஊர்ல எல்லாரையும் உக்கார வச்சு, இது பெருமை, பயப்படாதேன்னு சொன்னவன் நான். என் முறை வந்தப்ப எழுந்து ஓடினான்னு இருக்கணுமா?"

"நீங்க சாகப் போறதா நினைக்கறீங்களாப்பா?"

கேட்டுவிட்டு நானே திடுக்கிட்டேன். எங்கள் வீட்டில் இப்படிக் கேட்பதில்லை.

அவர் இடது விலாவில் கை வைத்தார். "இந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்தா உள்ள என்னமோ இருக்கற மாதிரி இருக்கு."

"அது விழுந்த அடி. அந்தக் கட்டி வலிக்காது. இருக்கறதே தெரியாது."

தலையாட்டினார். ஒரு நல்ல ஆசிரியர், மாணவி ஒப்பிப்பதைக் கேட்டுத் தலையாட்டுவதுபோல.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று நடந்தது.

அண்ணனும் அண்ணியும் முதலில் ஊட்டினார்கள். மஞ்சளும் காட்டு மிளகும் ஊறிய முழுக் கெண்டை, தலை அப்பாவைப் பார்த்து. அப்பா எலும்பை லாவகமாக ஒதுக்கி, நன்றாக மென்று, இன்னும் ஒரு வாய் கேட்டார். சாகப் போகிறவர் சாப்பிடும் அழகா அது? பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்கள். மாமா தன் பங்குக்கு நெய்த துணியைத் தோளில் போர்த்தி, உயிர் உடம்பிலேயே தங்கட்டும் என்றார்.

பிறகு அப்பா எழுந்து பேசினார். சமையலறை வாசலில் நின்று கேட்டேன். பழம்பாட்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வேடிக்கையும் வந்தது. செத்துப்போன அம்மாவைக் கொஞ்சம் கேலி செய்தார். அவ்வளவு நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. முடிவில் அண்ணன் தலையில் கை வைத்து, "இனிமே சபையில என் வாய் உன் வாய்" என்றார்.

அண்ணன் பதில் சொல்ல வேண்டும். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதான். நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கல்யாணமாகாத மகள் எந்த வரிசையில் ஊட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பேரப்பிள்ளைகள் முடிந்த பிறகு என்னை அழைத்தார்கள். நான் ஊட்டியபோது அப்பா என் காதருகே, "உப்பு ஜாஸ்தி" என்றார்.

ஜூலை 18

மேடான். டாக்டர் ரத்ரி அவசரப்படாதவர். படங்களைப் பார்த்தார், அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். மாத்திரை ஒன்றை ராத்திரி விழுங்கி மறுநாள் காலை ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். மருந்து ஏற்றாமல் ஸ்கேன்.

"வயசானவங்களைப் படம் எடுத்தா இது வந்துட்டே இருக்கும் ஐயா. போன வாரம்கூட மூணு பேரு."

"அந்த மூணு பேருக்கும் விருந்து வச்சாங்களா?" என்றார் அப்பா.

டாக்டருக்குப் புரியவில்லை. ஜாவாக்காரர், எங்கள் வழக்கம் தெரியாது. நானும் விளக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

கட்டி முழுக்கக் கொழுப்பு, சீராக இருக்கிறது. ஹார்மோன் எல்லாம் சரி. அறுவை வேண்டாம், மருந்து வேண்டாம், இன்னொரு படம்கூட வேண்டாம்.

"ரொம்ப வருஷமா அது உங்களோட இருந்திருக்கும் ஐயா. மறந்துடுங்க," என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வண்டியில் அப்பா ரப்பர் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். தெபிங் திங்கி தாண்டிய பிறகு கேட்டார்: "அப்ப இனிமே நான் என்ன பண்றது?"

"எப்பவும் போல இருங்கப்பா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ஜூலை 31

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" அண்ணன் போனில் கத்தினான். "பாத்தியா! ஊட்டினது வேலை செஞ்சிடுச்சு!"

"அண்ணா, அது அப்பவும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துது."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு. அடுத்தவன் சந்தோஷத்தைக் கெடுக்காதேடி."

பிஸ்டோக் மாமா கள்ளுக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: அவர் போர்த்திய துணி கட்டியை உருக்கிவிட்டது. உருகவில்லை. அதே இரண்டு சென்டிமீட்டர். அறிக்கையைக் காட்டட்டுமா? யாரிடம்?

நூற்றுக்கு ஏழு பேருக்கு வருவதை மரண தண்டனை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் அற்புதம் என்கிறார்கள். நடுவில் இருந்த சாதாரண உண்மையை யாரும் தொடவே இல்லை. அதற்கு மவுசு இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

கல்யாணம். அப்பா வழக்கம்போல விடிந்ததும் கோட்டுப் போட்டுக்கொண்டார். நானும் போனேன். இஞ்சி நசுக்க.

வாசலில் அவரைக் கண்டதும் வரவேற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வந்தது. "ஐயா, நீங்க நிம்மதியா உக்காருங்க. உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வேண்டாம்." மேடைக்குப் பக்கத்தில், பாய்க்கு வெளியே. அண்ணன் ஜாகர்த்தாவில் இருப்பதால் சித்தப்பா மகன் மாருலி எங்கள் சார்பில் பேசினான்.

மாருலி திணறினான். பெண் வீட்டார் ஒரு பாட்டை எடுத்து வீசியபோது பதில் பாட்டின் இரண்டாவது வரி அவனுக்கு வரவில்லை. கூடம் காத்திருந்தது. யாரும் அப்பா பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு கவனமாகத் திரும்பாமல் இருந்தார்கள். அப்பாவின் வாய் திறந்தது.

பிஸ்டோக் மாமா குனிந்து அவர் தட்டில் ஒரு துண்டு ஈரலை வைத்தார். "சாப்பிடு மச்சான்."

அப்பா வாயை மூடிக்கொண்டார். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 8

அப்பாவே மாமாவைத் தேடிப் போனார். நான்தான் கூட்டிப் போனேன்.

"மச்சான், கட்டி ஒண்ணும் இல்லேன்னு ஆயிடுச்சு. அப்ப அந்த விருந்தும் இல்லேன்னு ஆக்க வழி இருக்கா?"

மாமா முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"ஊட்டினதைத் துப்பச் சொல்றியா? ஞானஸ்நானம் வாங்கினவன், தண்ணி காஞ்சு போச்சுன்னு திரும்பிப் போக முடியுமா? நீயே இந்தச் சபையில எத்தனை தடவை சொல்லியிருக்கே, ஒரு தடவை கொடுத்த பங்கைத் திரும்பக் கேக்கறவன் ஆம்பளையே இல்லேன்னு."

"சொல்லியிருக்கேன்."

"அப்புறம்?"

"நல்லாத்தான் சொல்லியிருக்கேன்," என்றார் அப்பா.

வரும் வழியில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். யார்மேல்? மாமா வழக்கத்தைத்தான் சொன்னார். அண்ணன் அன்பைத்தான் காட்டினான். அந்தப் பயிற்சி மருத்துவர் கண்டதைத்தான் சொன்னார். எல்லோரும் யோக்கியர்கள். ஒருவராவது கெட்டவராக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

செப்டம்பர் 29

வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்றால் தலையை மட்டும் அசைக்கிறார்.

அக்டோபர் 13

குலமே பினாங்குக்குப் பறக்கிறது. அப்பாவுக்கு எதையோ 'நேரத்தோடு கண்டுபிடித்ததால்' எல்லோருக்கும் பயம். தலைமுதல் கால்வரை ஸ்கேன், கடற்கரை, கோழிச் சோறு, மூன்று நாளில் திரும்பலாம். மாமா சிறுநீரகத்தில் நீர்க்கொப்புளத்தோடு வந்தார். மாருலியின் மனைவிக்கு ஈரலில் ஒரு புள்ளி. இன்னொருத்திக்குத் தைராய்டில் ஏதோ. ஒருவர் மட்டும் சுத்தமாக வந்திருக்கிறார். அவர் அந்த ஆஸ்பத்திரி சரியில்லை என்கிறார்.

இலையைக் கண்ணால் பார்த்தால் புள்ளி தெரியாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி இல்லாத இலை கிடையாது. இதைத்தான் முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்கிறேன்.

நவம்பர் 3, ஞாயிறு

மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் அழைத்தான். கை முழுக்கச் செதில். போனை ஜன்னல் திட்டில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரொண்டாங். தனியா இருக்கியா?"

"சொல்லு."

"பினாங்கு போய்ட்டு வந்தேன். எனக்கும்... அதே இடம்தான். வலது பக்கம். ஒண்ணரை சென்டி."

கத்தியை வைத்தேன்.

"அன்னிக்கு நூத்துக்கு எத்தனைன்னு சொன்னே?"

"உன் வயசுக்கு மூணு, நாலு பேர் இருப்பாங்க."

"அந்த மூணு நாலு பேரும் என்ன ஆனாங்க?"

"ஒண்ணும் ஆகலை. கல்யாணத்துல பேசிட்டிருக்காங்க."

நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவனுக்கு அது உறைக்கவும் இல்லை.

"டெலிமாவுக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியவே கூடாது. இந்த மாசக் கடைசியில சியந்தார்ல கல்யாணம், நான் முதல் தடவையாப் பேசப் போறேன். விஷயம் தெரிஞ்சா ஒரு மெத்தை நாற்காலியைப் போட்டு ஓரமா உக்கார வச்சுடுவாங்க. ஒரு கட்டிக்காக. ஒண்ணும் இல்லாத கட்டிக்காக!"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா விஷயம் வேற," என்றான். நான் எதுவும் கேட்கவே இல்லை. "அவருக்கு வயசாச்சு."

"டெஸ்ட் பண்ணிக்கோ. பயப்படாதே. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா காலிக் கோப்பையோடு வாசற்படியில் நிற்கிறார்.

"எந்தப் பக்கம்னான்?"

"வலது."

"எனக்கு இடது," என்றார். கோப்பையைத் தொட்டியில் வைத்தார். "ஒண்ணும் இல்லேன்னு அவனுக்குச் சொன்னியா?"

"சொன்னேன்."

"மறுபடியும் சொல்லு. சின்ன வயசுலேர்ந்தே பயந்தவன்."

நவம்பர் 20

அண்ணனுக்கு எல்லாம் சரி. 'ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்' என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறான். யாரும் ஊட்டவில்லை, யாரும் போர்த்தவில்லை. நானும் ஒரு வரி அனுப்பத் தட்டினேன். பிறகு அழித்துவிட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

நாளை கல்யாணம். அண்ணன் காலை முதல் விமானத்தில் வருகிறான். பேச்சைச் சரிபார்க்க யாரையோ வைத்து மூன்று நாள் பழகியிருக்கிறானாம். அப்பாவைக் கேட்கவில்லை. அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பான். அவன் அப்படித்தான் நினைப்பான்.

மாப்பிள்ளையின் தகப்பனார் மாலையில் நேரில் வந்தார். முன்வரிசையில் நல்ல நாற்காலி போட்டிருக்கிறார்கள், மின்விசிறிக்கு நேராக. ஐயா வந்து சும்மா உட்கார்ந்தாலே போதும், எங்களுக்குப் பெருமை என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துச் சிரித்து வழியனுப்பினார். வண்டிச் சத்தம் தேயும்வரை வாசலில் நின்றார்.

"நான் போகலம்மா. நீ மட்டும் போய்ட்டு வா."

"என்ன காரணம்பா சொல்றது?"

"உடம்பு சரியில்லேன்னு சொல்லு," என்றார். "அதை உடனே நம்பிடுவாங்க."